சிவப்பு அட்டை: கால்பந்தில் ஒரு விதியின் வரலாறு

கால்பந்து ஆட்டத்தில் கடுமையான குற்றம் செய்த ஆட்டக்காரரை வெளியேற்ற நடுவர் உயர்த்திக் காட்டும் அட்டையே சிவப்பு அட்டை ஆகும். அட்டை பெற்றவர் உடனே களத்தை விட்டு வெளியேற வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் இறங்க முடியாது. மீதி நேரம் முழுவதும் அந்த அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். இன்று சிறுவர்களும் அறிந்த இந்த அட்டைக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை.

பெரியமேட்டில் ஓர் இரவு

சென்னை ரசிகர்கள் சிவப்பு அட்டையைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வரும் ஆட்டங்களுள் ஒன்று 2014 டிசம்பர் 16 அன்று நடந்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் முதல் ஆண்டு அது. அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. கொச்சியில் நடந்த முதல் சுற்றில் கேரளா 3-0 என வென்றிருந்தது. இரண்டாம் சுற்று சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்தது. மயிலாப்பூர், அடையாறு பக்கத்து ரசிகர்களுக்கு அங்கே செல்லப் பறக்கும் ரயில் இருக்கிறது. பூங்கா நகரில் இறங்க வேண்டும். தியாகராய நகர்க்காரர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கலாம்.

மூன்று கோல் பின்தங்கிய அணி மீண்டு வருவது அரிது. ஆனால் முதல் பாதியிலேயே கேரள அணியின் ஜேமி மெக்அலிஸ்டர் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேராகிவிட்ட கேரளாவுக்கு எதிராகச் சென்னை மூன்று கோல்களைப் பெற்றது. மூன்றாவது கோலை ஜெஜே லால்பெக்லுவா ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அடித்தார். மொத்தக் கணக்கு 3-3 ஆகி, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அப்போது சென்னையின் மார்கோ மெட்டராசி வெளியேற்றப்பட்டார். அவர் ஆட்டக்காரர் மட்டுமல்லர். அணியின் பயிற்றுநரும் அவரே. இரு அணிகளும் பத்துப் பேராயின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் கோல் அடிக்க, 4-3 என்ற மொத்தக் கணக்கில் கேரளா இறுதிப் போட்டிக்குச் சென்றது.

ஓர் அட்டை சென்னைக்கு நம்பிக்கை தந்தது. இன்னோர் அட்டை அந்தச் சாதகத்தை எடுத்துக்கொண்டது. மெட்டராசியின் பெயரோ உலகின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு அட்டையோடு ஏற்கெனவே சேர்ந்திருந்தது. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்சின் சிதான் தலையால் முட்டியது இவருடைய மார்பில்தான். நடுவர் எலிசாண்டோ சிதானை வெளியேற்றினார். தகாத சொற்களால் சிதானைச் சீண்டியதற்காக மெட்டராசிக்கும் ஃபிஃபா பின்னர் இரண்டு ஆட்டங்கள் தடை விதித்தது.

அட்டை இல்லாத காலம்

ஆட்டக்காரரை வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் அதை அவர் வாயால் சொல்லவும் கையால் காட்டவும் மட்டுமே முடிந்தது. உள்நாட்டு ஆட்டங்களில் இதனால் பெரிய சிக்கல் எழவில்லை. பல மொழியினர் சேர்ந்து ஆடும் உலகக் கோப்பையில் எழுந்தது.

1962இல் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் ‘சாந்தியாகோ சண்டை’ என்றே இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. இத்தாலியின் ஃபெரினியை நடுவர் தொடக்கத்திலேயே வெளியேறச் சொன்னார். அவர் போக மறுத்தார். காவலர்கள் வந்து அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னர் இன்னோர் இத்தாலியரும் வெளியேற்றப்பட்டார். அந்த ஆட்டத்தின் நடுவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1966 ஜூலை 23 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் காலிறுதியில் மோதின. அர்ஜென்டினா தலைவர் ரத்தீனை ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரத்தீனுக்கு ஜெர்மன் தெரியாது. தம்மை ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரத்தீன் நின்றுவிட்டார். ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. அதே ஆட்டத்தில் எச்சரிக்கப்பட்டவர் பட்டியலில் இங்கிலாந்தின் ஜாக் சார்ல்ட்டன் பெயரும் இருப்பதாக மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. அது அவருக்கே தெரியவில்லை! உண்மைதானா என்று தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது.

போக்குவரத்து விளக்கு தந்த யோசனை

அந்த உலகக் கோப்பையில் நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அதே கென் ஆஸ்டன். இந்தக் குழப்பத்தை எப்படித் தீர்ப்பது என்று எண்ணியபடி லண்டன் கென்சிங்டன் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிச் சென்றபோது, போக்குவரத்து விளக்கு அவர் கண்ணில் பட்டது. மஞ்சள் என்றால் ‘நிதானம்’, சிவப்பு என்றால் ‘நில்’. மொழி தேவையில்லாத அந்தக் குறியையே அவர் ஆட்டக்களத்துக்குக் கொண்டுவந்தார்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக அறிமுகமாயின. மஞ்சள் அட்டைகள் காட்டப்பட்டன. ஆனால் அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூட வெளிவரவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டையை 1974 ஜூன் 14 அன்று மேற்கு ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தில் சிலியின் கார்லோஸ் காசெலி பெற்றார்.

எல்லோரும் இதை உடனே ஏற்கவில்லை. அட்டையின் தாயகமான இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் 1976இல்தான் அது வந்தது. நடுவர்கள் அதை ஆர்ப்பாட்டமாகக் காட்டுகிறார்கள் என்ற குறை எழவே, 1981இல் விலக்கப்பட்டு, 1987இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

எதற்குச் சிவப்பு?

எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும் முரட்டு ஆட்டம், அடிதடி, கடித்தல், எச்சில் துப்புதல், இழிசொல் அல்லது இழிவான சைகை, தெளிவான கோல் வாய்ப்பை முறைகேடாகத் தடுத்தல் ஆகியவற்றுக்கு நேரடியாகவே சிவப்பு அட்டை உண்டு. ஒரே ஆட்டத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்றாலும் சிவப்பு காட்டப்படும். 2019 முதல் பயிற்றுநர்களுக்கும் அட்டை காட்டலாம். ஓர் அணியில் ஆட்டக்காரர் எண்ணிக்கை ஏழுக்கும் கீழே போனால் ஆட்டம் தொடராது.

ரசிகர்களிடையே அதிகம் வாக்குவாதம் எழுவது கோல் வாய்ப்பைத் தடுக்கும் குற்றத்தில்தான். ‘கடைசித் தடுப்பாளர் தவறு செய்தால் சிவப்பு’ என்று பலர் நம்புகின்றனர். விதியில் அப்படி இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் செல்கிறது, பந்து அவர் வசம் இருக்குமா, சுற்றியுள்ள தடுப்பாளர்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள் என்ற நான்கையும் நடுவர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2016இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை பெனால்டி எல்லைக்குள் இக்குற்றம் நடந்தால் பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத்துக்குத் தடை என மூன்று தண்டனைகள் ஒன்றாக விழுந்தன. இப்போது தடுப்பாளர் பந்தை எடுக்க உண்மையாகவே முயன்றிருந்தால் பெனால்டியும் மஞ்சள் அட்டையும் மட்டுமே. இழுத்தாலோ, தள்ளினாலோ, சட்டையைப் பிடித்தாலோ பழையபடி சிவப்புதான்.

கொல்கத்தா தந்த பாடம்

வெளியேற்றும் முடிவு களத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை இந்தியா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரங்கில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கொல்கத்தா லீக் ஆட்டத்தில் மோதின. இரண்டாம் பாதியில் மோகன் பகானின் பிதேஷ் போஸும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோதிக்கொள்ள, நடுவர் இருவரையும் வெளியேற்றினார். தண்டனை இரு பக்கத்துக்கும் சமமே. ஆயினும் பார்வையாளர் பகுதியில் கைகலப்பு மூண்டது. இரு அணி ரசிகர்களையும் பிரித்து அமர்த்தும் ஏற்பாடு இல்லை. நெரிசலில் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாகக் கொல்கத்தாவில் இரத்ததான முகாம்கள் நடக்கின்றன.

2012 டிசம்பர் 9 அன்று அதே இரு அணிகள் சால்ட் லேக் அரங்கில் ஐ-லீக் ஆட்டத்தில் மோதியபோதும் ஏறத்தாழ அதே சூழ்நிலை உருவானது. மோகன் பகான் தலைவர் ஒடாஃபா சிவப்பு அட்டை பெற்றார். அரங்கில் கலவரம் வெடித்து, பார்வையாளர் பக்கமிருந்து வந்த கல் பட்டு, அதே அணியின் ரஹீம் நபி காயமடைந்தார். இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. முதலில் விதிக்கப்பட்ட தடை பின்னர் நீக்கப்பட்டாலும், 2 கோடி ரூபாய் அபராதமும் புள்ளிக் குறைப்பும் அந்த அணிக்கு விதிக்கப்பட்டன.

நிறமும் காரணமும்

அட்டை வந்த பிறகு, நடுவர் என்ன முடிவு எடுத்தார் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது தெரிகிறது. ரத்தீனைப் போல மொழிபெயர்ப்பாளர் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் அந்த முடிவு என்பதை நிறம் சொல்வதில்லை. அதை விதி தெரிந்தவரே அறிவார். காரணம் தெரியாத கூட்டத்துக்கு நியாயமான முடிவும் அநியாயமாகத் தோன்றக்கூடும்.

ஆகவே ஆட்டம் முடிந்து பூங்கா நகர் நிலையத்தை நோக்கி நடக்கும் ரசிகர்கள், ‘அது சிவப்பா, மஞ்சளா?’ என்று வாதாடுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. விதியைத் தெரிந்துகொண்டு வாதாடும் ரசிகருக்குக் கல்லை எடுக்கும் தேவை வருவதில்லை. ஆட்டக்காரரின் பாதுகாப்புக்காக ஒரு பள்ளி ஆசிரியர் கொண்டுவந்த அட்டை, பார்வையாளரின் பாதுகாப்புக்கும் உதவ வேண்டுமானால், அதன் பொருள் அரங்கில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.