ஆழ்கடல் ஆராய்ச்சியாளனின் வாழ்க்கைப் பணி: சென்னை தரும் சான்று

சமுத்திரத்தின் அடித்தரையை நேரிற் கண்டு மீண்டவனுடைய வாழ்க்கைப் பணியை அவன் இறங்கிய ஆழத்தைக் கொண்டே மதிப்பிடுவது பொதுவழக்கம். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிரான்ஸ் தேசத்து ‘நாட்டீல்’ நீர்மூழ்கியில், சென்னைத் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டர் ஆழத்தையும், மறுநாள் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர் ஆழத்தையும் எட்டினர். அரிய செயல்தான், ஆயினும், அவ்விருவரையும் அவ்வாழத்துக்கு ஆயத்தப்படுத்திய நீண்ட ஸ்தாபன உழைப்பே இத்தகைய வாழ்க்கைப் பணியின் சாரம் என்பது என் துணிபு.

அவ்வுழைப்பு அறுபதாண்டுக்கும் முற்பட்டது. சர்வதேச இந்து மகாசமுத்திர ஆராய்ச்சிப் பயணத்தின் இந்தியப் பணிகளை நடத்திய டாக்டர் என். கே. பணிக்கர், அதன் பயனாக 1966இல் தோன்றிய தேசிய கடலாராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். அந்நிலையத்தின் ‘கவேஷணி’ கப்பல் 1981 ஜனவரி 26இல் கடலடியிலிருந்து பல்லுலோகக் கட்டிகளை முதன்முறை எடுத்தது. 1993இல் சென்னைக் கழகம் பிறந்தது. 2010இல் அதன் ஆளில்லாக் கலமான ‘ரோசப் 6000’, மத்திய இந்து மகாசமுத்திரத்தில் 5,289 மீட்டர் வரை இறங்கிற்று.

இயந்திரமே அவ்வாழம் சென்றபின் மனிதன் செல்வானேன் என்று கேட்பவர் உளர். வினா நியாயமானதே; ஆபத்தும் செலவும் பெரியவை. ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 600 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். அதனாலேயே சென்னைக் கழகத்தின், மூவர் அமரும் ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கிக் கலத்துக்கு, 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் கனமும் கொண்ட டைட்டானியக் கோளம் வகுக்கப்பட்டது. ஆனால் புகைப்படக் கருவி காட்டுவது, அது திருப்பப்பட்ட திசையை மாத்திரமே. எதிர்பாராத ஒன்றைக் கண்டவுடன் நின்று, வழிமாற்றி, மாதிரியெடுக்கத் தீர்மானிக்கும் புத்தி கலத்தினுள்ளேயே இருப்பது தனிப் பயன். அப்புத்தியும் ஒரே நாளில் விளைவதன்று. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யாவைச் சோதித்ததுபோன்ற, புகழ் தராத பொறுமையான பரீட்சைகளிலேயே அது பண்படுகிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கடற்கரையே இல்லாத கூலாயில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் தோட்டங்களுக்கு மூதாதையர் வங்கக்கடலைக் கடந்தே வந்தனர்; அக்கடலின் அடியைப் பற்றி நம் சமூகம் சிந்தித்தது சொற்பம். 2014 மார்ச் 8இல் 239 பேருடன் மறைந்த எம்.எச். 370 விமானத்தைத் தேடி, தென்னிந்து மகாசமுத்திரத்தில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துருவியபோதுதான், அப்பிரதேசத்தின் மலைகளும் பள்ளங்களும் துல்லியமாக வரைபடமேறின. அத்துயரம் நம் நாட்டினுடையது. அவ்வாழத்தை அறியும் கடமையும் நமக்குரியது. திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகத்தில் கடலாராய்ச்சிக்கெனவே ஒரு கழகம் இயங்குகிறது. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும், மருத்துவத்தையும் சட்டத்தையும் எடுத்துரைக்கும் அதே ஆர்வத்தோடு, இத்துறையையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டுகிறேன்.