சேவல் ஜெயித்தது, நாய் தோற்றது



பட்டியிலே ஆடு இருந்தால் காவலுக்கு நாய் வேணும். நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும். தூக்கம் கெட்டுப்போச்சு என்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டால் சட்டம் யார் பக்கம் நிற்கும்? இரண்டு நாடுகளிலே கோர்ட் வரைக்கும் போன சங்கதி இது.

அமெரிக்காவிலே நகரங்கள் வளர்ந்து பண்ணைகளை நெருங்கின. புதிதாகக் குடிவந்தவர்கள் சாண நாற்றம், இரைச்சல் என்று விவசாயிகள் மேலே வழக்குப் போட்டார்கள். அதனால் 1970-களின் கடைசியிலிருந்து மாநிலங்கள் பண்ணை உரிமைச் சட்டங்களை இயற்றத் தொடங்கின. இன்று 50 மாநிலங்களிலும் அவை இருக்கின்றன. முறையான பண்ணை வேலையிலே எழுகிற சத்தத்துக்கு அவை பாதுகாப்பு.

ஆரிகன் மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டியிலே ஒரு குடும்பம் திபெத்திய மாஸ்டிஃப் என்ற பெரிய காவல் நாய்களை வளர்த்தது. விடியற்காலை 5 மணிக்கே குரைப்பு ஆரம்பம் என்று அண்டை வீட்டார் புகார் செய்தார்கள். "ஆட்டைக் காக்கிற நாய்; இது பண்ணை; எங்களுக்கு விதிவிலக்கு உண்டு" என்று வாதாடினார்கள் வளர்த்தவர்கள். உள்ளூர்க் கோர்ட்டோ, இது பண்ணையே அல்ல என்று சொல்லி அபராதம் போட்டது. அப்புறமும் குரைப்பு ஓயவில்லை. 2015-இல் ஜூரிகள் 2,38,000 டாலருக்கு மேலே நஷ்டஈடு விதித்தார்கள். நாய்களின் குரலை அறுவை செய்து அடக்கவும் உத்தரவாயிற்று. 2017-இல் மேல்கோர்ட் அந்த உத்தரவை உறுதி செய்தது. எஜமானர் தோற்ற வழக்கிலே வாயில்லா ஜீவனின் குரலுக்கே ஆபத்து வந்துவிட்டது, பாருங்கள்!

பிரான்ஸ் நாட்டிலே ஒலேரோன் தீவிலே மோரிஸ் என்று ஒரு சேவல். அது கூவுகிறது என்று விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். தொல்லை நிரூபணமாகவில்லை என்று 2019 செப்டம்பரிலே ரோஷ்ஃபோர் கோர்ட் தள்ளிவிட்டது. வழக்காளிகள்தான் 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியிலே, கிராமப்புறத்துச் சத்தமும் வாசனையும் நாட்டின் பொதுச் சொத்து என்று சட்டமே வந்துவிட்டது.

ஆகவே, நாயா சேவலா என்பது பேச்சில்லை. தொல்லை என்கிறவர் அதை நிரூபிக்க வேணும். பண்ணை என்கிறவர் பண்ணையைக் காட்ட வேணும். ஆடு வாங்கிய ரசீது, விற்ற கணக்கு, ஊசி போட்ட குறிப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ராத்திரியிலே நாயைப் பட்டிப் பக்கமே கட்டுங்கள். புகார் எழுதும் முன்னே பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். கோர்ட் செலவைவிட அது மலிவு.