மின்விளக்கும் வேலைநாளும்: ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகள்

கல்கத்தா நகருக்குப் பொது மின்வழங்கல் 1899இல் தொடங்கியது. ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளிலோ 1890களின் நடுப்பகுதியிலேயே மின்விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. தெருக்களுக்கு முன்பாகத் தறிக்கூடங்கள் ஒளி பெற்றன என்பது தற்செயலன்று. நவீனத் தொழில் உலகை உருவாக்கிய கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடும் பாடநூல்கள் மின்விளக்கை இருளை வென்ற கருவியாகவே அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் அந்த ஒளி யாருடைய நாளை எவ்வளவு நீட்டியது என்ற கேள்விக்கு விடை தேட ஹூக்ளிக் கரையைவிடப் பொருத்தமான இடம் அரிது.

இத்தொழிலின் தோற்றமே தொலைதூர நிகழ்வுகளால் நேர்ந்தது. சணல் நார் முரடானது. இயந்திர நூற்புக்கு எளிதில் இணங்காதது. திமிங்கில எண்ணெயும் நீரும் கலந்து அதை மென்மையாக்கும் முறையை ஸ்காட்லாந்தின் டண்டி நகரம் 1830களில் கைக்கொண்டது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போர் ரஷ்ய ஆளி நாரின் வரத்தைக் குலைத்தபோது, வங்காளச் சணலுக்கான தேவை பெருகியது. 1855இல் ஜார்ஜ் ஆக்லண்ட் என்பவர் வங்காளி ஒருவரின் முதலீட்டுத் துணையுடன் டண்டி இயந்திரங்களைக் கொண்டுவந்து ரிஷ்ராவில் முதல் சணல் நூற்பாலையை நிறுவினார். 1859இல் பாராநகரில் விசைத்தறிகள் இயங்கத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுக்குள் கல்கத்தா டண்டியை முந்திவிட்டது. உலகின் தானியமும் பருத்தியும் காப்பியும் வங்காளக் கோணியில் பயணம் செய்தன.

மின்விளக்கு வருவதற்கு முன் சூரியனே வேலைநாளின் எல்லையை வரையறுத்தது. குளிர்காலத்தில் ஆலை ஓடும் நேரம் தானாகவே சுருங்கியது. மின்விளக்கு அந்த எல்லையை அகற்றியது. விடியலுக்கு முன் ஊதும் சங்குடன் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஆலைகள் ஓடின. இயந்திரம் நிற்காதிருக்கப் பல்முறைப் பணி ஏற்பாடு கையாளப்பட்டது. தொழிலாளர் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வெவ்வேறு நேரங்களில் இடைவேளைக்கு அனுப்பப்பட்டனர். ஒரே தறிக்கூடத்தில் யார் எப்போது வந்தார், எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை ஆய்வாளர் சரிபார்ப்பது ஏறக்குறைய இயலாததாயிற்று.

இது சட்டத்தையே வலுவிழக்கச் செய்தது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. 1891ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களுக்கு 11 மணி நேரம், குழந்தைகளுக்கு 7 மணி நேரம் என வரம்பிட்டது. வயது வந்த ஆணுக்கோ எவ்வரம்பும் இல்லை. இந்தியத் தொழிலாளரின் நீண்ட வேலைநாளைக் குறித்து அந்நாளில் உரக்கக் குரலெழுப்பியோரில் டண்டியின் ஆலை முதலாளிகளும் இருந்தனர் என்பது இவ்வரலாற்றின் முரண். அவர்களின் அறச்சீற்றத்திலிருந்து வணிகப் போட்டியைப் பிரித்தெடுப்பது கடினம்.

1908இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையத்தில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் டி. எம். நாயரும் உறுப்பினர். பின்னாளில் நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராக அறியப்பட்ட அதே நாயர்தாம். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டத்தால் நேரடியாக வரையறுப்பதைப் பெரும்பான்மை உறுப்பினர் ஏற்கவில்லை. நாயர் அதை வலியுறுத்தித் தனியே மாறுபட்ட குறிப்பெழுதினார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவுத் தொழிற்சாலைகளில் ஆண்களுக்கும் 12 மணி நேர வரம்பை விதித்தது. 1922இல் அது நாளுக்கு 11 மணி நேரமாகவும் வாரத்துக்கு 60 மணி நேரமாகவும் குறைந்தது. தமிழ்நாட்டில் நாயரின் பெயர் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ அரசியலோடு மட்டுமே பெரிதும் பிணைக்கப்படுகிறது. உழைப்பு நேரத்தின் வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு.

சட்டம் உச்ச வரம்பை மட்டுமே சொன்னது. அதற்குள் நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆலை முதலாளிகளின் கையில் இருந்தன. 1884இல் உருவான அவர்களது சங்கம், கோணியின் விலை சரியும்போதெல்லாம் உற்பத்தியைக் கட்டுப்படுத்த வேலை நேரத்தைக் குறைக்க உடன்பாடு செய்துகொண்டது. 1920களில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்ததும் அத்தகைய உடன்பாடே. 1929 ஜூலையில் அது 60 மணி நேரமாக உயர்த்தப்பட்டபோது, அதற்கீடான கூலி உயர்வு கோரி 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். பிரபாவதி தாஸ்குப்தா அப்போராட்டத்தின் முன்னணித் தலைவராக விளங்கினார். வங்கச் சணல் தொழிலின் முதல் பொது வேலைநிறுத்தம் மணிக்கணக்கை மையமாகக் கொண்டிருந்தது கவனிக்கத்தக்கது. பீகார், ஐக்கிய மாகாணம், ஒடிசா, ஆந்திரக் கடற்கரை என வெவ்வேறு நிலங்களிலிருந்து வந்து, வெவ்வேறு மொழி பேசி, வெவ்வேறு சர்தார்களின்கீழ் பணியாற்றியவர்களை அந்தக் கணக்கு ஒன்றிணைத்தது. அடுத்து வந்த பெருமந்தத்தில், 1931இல், வேலை நேரம் வாரத்துக்கு 40 மணியாகச் சுருங்கியது. தறிகளில் ஒரு பகுதி முத்திரையிட்டு மூடப்பட்டது. ஓய்வு கிடைத்தது, ஆனால் அது வருமானம் இழந்த ஓய்வு.

ஆகவே, மின்விளக்கு வேலைநாளை நீட்டியது என்று மட்டும் எழுதுவது பாதி உண்மையே. அது நீட்சியைச் சாத்தியமாக்கியது. எவ்வளவு நீட்டுவது என்பதைக் கோணியின் விலையும், சட்டமும், தொழிலாளரின் எதிர்ப்பும் வெவ்வேறு காலங்களில் முடிவு செய்தன. கண்டுபிடிப்புகளின் வரலாறு ஆண்டுகளால் எழுதப்படுகிறது. அவை மாற்றிய வாழ்வின் வரலாற்றை மணிகளாலும் எழுத வேண்டியிருக்கிறது.