தாபரிப்பு: பிள்ளையின் பசி சட்டத்தின் கண்ணிற் பட்ட கதை

பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவதற்கும் ஒரு சட்டம் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற வகையில், வேண்டும் என்றே நான் சொல்வேன். தாபரிப்பு வழக்குகள் அழைக்கப்படும் நாட்களில் நீதவான் நீதிமன்ற வளவில் கைக்குழந்தைகளோடு காத்து நிற்கும் பெண்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. அவர்களுடைய உரிமை எந்த வழியால் வந்தது என்பதே இங்கு நான் கூற விரும்புவது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம், பிள்ளையைப் பேணும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதும் அவரவர் வசதிக்கேற்பச் சுமத்தியது. 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை பெரும்பாலும் சொத்துப் பற்றியே பேசுவது. ஆகவே தாபரிப்பு விடயத்தில் தமிழரும் நாட்டின் பொதுச் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், மனைவி பிள்ளைகளைக் கைவிட்டுப் பிறர் தருமத்தில் வாழவிடுபவனைத் தண்டனைக்குரியவனாக்கியது. இதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பட்டினி கிடந்தது என்பதைவிட, அதன் செலவு ஊரார் தலையில் விழுந்தது என்பதே அங்கு குற்றமாகக் கருதப்பட்டது.

இந்த நிலையை மாற்றியது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம். வசதியிருந்தும் மனைவியையோ பிள்ளையையோ பராமரிக்கத் தவறுபவன் மாதந்தோறும் பணம் செலுத்த வேண்டுமென நீதவான் கட்டளையிட இது இடமளித்தது. விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்கும் அவ்வுரிமை கிடைத்தது. அக்காலத்தில் இது சிறிய காரியமன்று.

ஆனால் கொடுத்த கையாலேயே சட்டம் ஒரு பூட்டையும் போட்டது. அத்தகைய பிள்ளைக்காகத் தாய் பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அக்காலத்துள் அவன் பிள்ளையைப் பராமரித்திருந்தால் விலக்கு உண்டு. அவளுடைய சாட்சியத்தை வலுப்படுத்த வேறு சான்றும் வேண்டும். “பொறு, தாலி கட்டுகிறேன்” என்ற வாக்கை நம்பி ஓராண்டு காத்திருந்தவளின் பிள்ளைக்கு நீதிமன்றக் கதவு சாத்தப்பட்டது. வாக்குத் தவறியவன் தந்தை. தண்டனை பெற்றது பிள்ளை.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. பெற்றோரிடமிருந்து தாபரிப்புப் பணத்தை அறவிட அரசு ஆவன செய்ய வேண்டுமென அதன் 27ஆம் உறுப்புரை கூறுகிறது. பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்தை, 110 ஆண்டுகளின் பின்னர், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பெற்றது. கடமை இப்போது தந்தைக்கு மட்டும் உரியதன்று. வசதியுள்ள தாயும் பொறுப்பாவார். பதினெட்டு வயதைக் கடந்து இருபத்தைந்து வரையிலான, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பிள்ளைகளும், மாற்றுத்திறனாளிகளான பிள்ளைகளும் கோரலாம். சம்பளத்திலிருந்து பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் வழியுண்டு. விவாகத்துக்குப் புறம்பான பிள்ளையெனில் பெற்றோர் யார் என்பது தக்க சான்றினால் நிறுவப்பட வேண்டும். இதற்கு இன்று மரபணுப் பரிசோதனை கைகொடுக்கிறது. முஸ்லிம்களின் கோரிக்கைகளை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் காதிமார் விசாரிக்கின்றனர்.

எனினும் கட்டளை கிடைப்பது வேறு, காசு கிடைப்பது வேறு. நிலையான சம்பளமில்லாத கூலித் தொழிலாளியிடம் எதைப் பிடிப்பது? நிலுவைக்காக அவனைச் சிறையிலிட்டால் உழைப்பும் நின்றுவிடும். கடல் கடந்தவன் கதை இன்னும் சிக்கலானது. வெளிநாட்டிலிருந்து தாபரிப்பை அறவிடுவதற்கான 1956ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1958இலேயே இணைந்துகொண்டது. ஆனால் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடா அதில் இணையவில்லை.

இவ்வழக்குகளைக் கணவன் மனைவி சண்டையின் மிச்சமாகவே நமது சமூகம் பார்த்துவருகிறது. “அவளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?” என்ற வார்த்தையை நீதிமன்ற வாசலில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கென விதிக்கப்படும் பணம் அவளுக்குரியதன்று. அவள் அதைப் பெற்றுச் செலவிடுபவள் மட்டுமே. பெற்றோர் பிரியலாம், மறுமணம் செய்யலாம், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலும் இருக்கலாம். பிள்ளைக்கு மூன்று வேளையும் பசிக்கும்.