மின்வண்டிச் செலவின் மறுகரை: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தை முன்வைத்து

மின்கார் பற்றிய நம் விவாதம் வண்டியின் விலை, ஒரு சார்ஜில் ஓடும் தூரம், பெட்ரோல் மிச்சம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் வண்டி வாங்குபவர் வரியையும் சேர்த்துப் பார்ப்பார். களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாடு 2025 இறுதிவரை மின்வண்டிகளுக்குச் சாலை வரியை முழுமையாக விலக்கியிருந்தது. கேரளமோ 2025 பட்ஜெட்டில் 15 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட மின்கார்களுக்கு வரியை உயர்த்தியது. இக்கணக்குகளில் ஏறாத பெருஞ்செலவு ஒன்று இதே வட்டாரத்தின் கடற்கரைமீது விழுகிறது என்பதே என் வாதம்.

நெய்யாற்றின்கரை ஆறாலுமூட்டில் உள்ள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் 2019இல் ‘நீம் ஜி’ மின் ஆட்டோவை வெளியிட்டது. முழு சார்ஜில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். உள்ளூர்ச் சவாரிக்கு அது போதும். சிக்கல் சார்ஜ் ஏற்றும் நேரத்தில்தான். சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகலில் ஆட்டோக்காரர் சாலையில் இருப்பார்; இரவில்தான் வண்டி வீட்டுக்கு வரும். தன் மின்தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் கேரளத்தில் 2024 கோடையில் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. உச்ச நேரத்தில் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதைத் தவிர்க்குமாறு மின்வாரியம் வேண்டிக்கொண்டது. வாங்கும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது. புகை நின்றுவிடவில்லை, வேறு ஊருக்குப் போயிருக்கிறது.

காந்தத்தின் கதை இதைவிடக் கடுமையானது. பெரும்பாலான மின்கார்களின் மோட்டாரில் நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் கலந்த நிலைக்காந்தம் இருக்கிறது. அந்தத் தனிமம் மணவாளக்குறிச்சி முதல் சவரை வரையுள்ள கடற்கரை மணலில், மோனசைட் என்ற கனிமத்தில் கிடைக்கிறது. கதிரியக்கத் தோரியமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. கன்னியாகுமரி மாவட்டக் கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்க ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின், உள்நாட்டு மணலின்மீது கண்கள் இன்னும் கூர்மையாகத் திரும்பியுள்ளன.

இம்மணலில் பிரித்தெடுக்கும் கனிமங்களில் மோனசைட் சிறு பங்குதான், பெரும்பங்கு டைட்டானியத் தாதுவான இல்மனைட். ஆகவே பழியை மின்கார்மேல் மட்டும் சுமத்த முடியாது என்பார்கள். அது சரிதான். கனிமம் பிரித்த மணலைத் திரும்ப நிரப்புவோம் என்ற நிறுவனத்தின் உறுதியையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் கொல்லங்கோட்டை அடுத்த, கேரளப் பக்கத்துப் பொழியூர்க் கரை ஏற்கெனவே கடலரிப்பில் வீடுகளை இழந்துவருகிறது. மணல் கரையோரமாக நகர்வது. தமிழ்நாட்டுப் பக்கம் எடுப்பதன் விளைவைக் கேரளப் பக்கத்து மீனவர் சுமக்க நேரலாம். அப்படியிருக்க, 1956 நவம்பர் 1இல் வகுத்த மாநில எல்லையோடு சூழல் தாக்க மதிப்பீட்டை நிறுத்துவதற்கு அறிவியல் நியாயம் இல்லை. மானியத்தையும் வரிவிலக்கையும் முடிவு செய்யும் இரு அரசுகளும் அடுத்த கருத்துக்கேட்புக்குப் பொழியூர் மக்களையும் அழைக்க வேண்டும். காந்தத்துக்காக வெட்டப்படும் மணலை மின்வண்டிக் கொள்கையின் செலவுப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.