சுருட்டு இயந்திரம்

வலது கையை மேஜை மேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் எல்லாம் சமர்த்தாக எழும். மோதிர விரல்? ஊஹூம்... பசை போட்டு ஒட்டினாற்போல அப்படியே கிடக்கும்! பக்கத்து விரலோடு அதன் தசைநார்கள் பிணைந்திருக்கின்றன. நம் எல்லோருக்கும் அப்படித்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பியானோ படித்த இளைஞர்களுக்கு இந்த விரல்தான் ஜென்ம விரோதி! பத்து விரலும் ஒரே பலத்தோடு இயங்க வேண்டும் என்று வாத்தியார்களுக்கு ஒரு வெறி. 1814-ல் லோஜியர் என்பவர் 'கைரோபிளாஸ்ட்' என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மணிக்கட்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவே நுழைத்து, விரல்களைத் தனித்தனிப் பித்தளைத் தடுப்புகளுக்குள் அடக்கி வைக்கும் சமாசாரம். கிட்டத்தட்ட விலங்கு! பாரிஸில் கொடிகட்டிப் பறந்த கால்க்பிரென்னர், அதையே எளிமையாக்கி ஒரு கைச்சட்டம் கொண்டுவந்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார் - விரல் பயிற்சி செய்துகொண்டே புத்தகம் படிக்கலாமாம்! சாதகத்துக்கு விரல் போதும், மூளை எதற்கு?

1830-ல் லைப்சிக் நகரில் சட்டப் படிப்பை உதறிவிட்டு, வீக் என்ற பியானோ ஆசிரியரின் வீட்டிலேயே போய்த் தங்கினார் இருபது வயது ராபர்ட் ஷூமான். அதே வீட்டில் ஆசிரியரின் மகள் கிளாரா. பதினோரு வயது. அதற்குள் மேடையேறிவிட்ட பெண்! நம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்? தாமதமாக ஆரம்பித்தவரின் அவசரம்... விரலுக்குக் குறுக்குவழி தேடினார். 'சுருட்டு இயந்திரம்' என்று டைரியில் அவரே செல்லப்பெயர் வைத்த ஒரு கருவி வந்தது. இந்த மாதிரி 'விரல் வதைக் கருவி'யை வீக் அறவே வெறுத்தவர் என்பது வேறு விஷயம்.

1832-ல் வலது கையின் நடுவிரல் வேலைநிறுத்தம் செய்தது. அதன் பிறகு நடந்த வைத்தியம் இருக்கிறதே... அப்போதுதான் வெட்டிய மிருகத்தின் சூடான குடலுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்! மின்சார சிகிச்சை, ஹோமியோபதி எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் பலிக்கவில்லை. பியானோ கலைஞராகும் கனவு அத்தோடு சரி.

பழியை முழுக்க அந்தக் கருவி மீதே போடுவதும் நியாயமில்லை. 'ஃபோகல் டிஸ்டோனியா'வாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள் பலர். ஒரே அசைவை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யும்போது, விரல்களுக்கு மூளை அனுப்பும் உத்தரவே குழம்பிப் போகும் கோளாறு அது.

இதே சமயத்தில் பாரிஸில் ஒருவர் எல்லாவற்றையும் தலைகீழாக யோசித்துக்கொண்டிருந்தார். 1831-ல் அங்கே வந்த ஷோபானிடம், ''மூணு வருஷம் என்கிட்ட படி'' என்று கால்க்பிரென்னர் கேட்க, நாசூக்காக மறுத்துவிட்டார் ஷோபான். விரல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை, அந்த வேறுபாடே அழகு என்பது அவர் கட்சி. வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் ஸி மேஜரில் ஆரம்பிப்பதுதானே உலக வழக்கம்? இவரோ பி மேஜரிலிருந்து தொடங்கினார். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டைகள் மீது இயல்பாக உட்காரும் என்பதால்! தினம் ஆறு மணி நேரம் சாதகம் செய்த மாணவியைக் கோபித்துக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடையே போட்டார்.

ஷூமானுக்கும் புத்தி தெளிந்தது. 1850-ல் இளம் இசைக்கலைஞர்களுக்காக அவர் வெளியிட்ட விதிமுறைகளில், ஓயாத வெறும் விரல் பயிற்சியை, அகர வரிசையை நாளுக்கு நாள் வேகமாக ஒப்பிப்பதற்குச் சமம் என்று கிண்டலடித்தார். சத்தம் வராத ஊமைப் பலகையில் பழகுவதையும் விடவில்லை... ஊமையிடம் யாராவது பேசக் கற்றுக்கொள்வார்களா என்று கேட்டார்.

அவர் வாசிக்க முடியாததையெல்லாம் வாசித்தவர் கிளாரா. 1840-ல் அவரையே மணந்து, 1856-ல் கணவர் இறந்த பிறகும் அவருடைய இசையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1891-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கடைசிக் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது 71.