சீறாவுக்குப் பின்னிருந்த ஆலிம்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சென்று, அங்கிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் ரயிலில் பயணம் செய்வோர் பரங்கிப்பேட்டை நிலையத்தைக் கடந்து செல்வர். 1993ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர்கள் பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தவை. மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்களாலும் போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியராலும் அழைக்கப்பட்ட அத்துறைமுகத்திற்குத் தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நிறைவடைந்து அரங்கேறியது அவ்வூரில்தான்.

காலமோ அமைதியான காலமன்று. 1677இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை ஔரங்கசீபின் தளபதி சுல்ஃபிகார் கான் அதே கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். திண்டிவனத்துக்கு மேற்கே படைகள் பாசறையிட்டிருந்த அந்தத் தலைமுறையில், தெற்கே வெள்ளாறு கடலோடு கலக்கும் ஊரில் ஓர் ஆலிமின் முன் அமர்ந்து ஒரு புலவர் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புலவர் கற்றுக்குட்டியல்லர். எட்டயபுரத்தில் கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். வடக்கிலிருந்து வந்த வாலைவாருதி என்பவரை இளமையிலேயே வாதில் வென்றவர் என்பது செவிவழிச் செய்தி. ஆசிரியருக்குப் பின் எட்டயபுரம் அவைக்களப் புலவராகவும் அமர்ந்தார். இனி அடையவேண்டிய புகழ் ஏதுமில்லை என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காவியமாக்குமாறு வள்ளல் சீதக்காதி வேண்டியபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. யாப்பும் அணியும் அவர் கைவசம் இருந்தன. பாடவேண்டிய பொருளோ அரபு நூல்களுக்குள் இருந்தது. அதற்குரிய திறவுகோல் அவரிடம் இல்லை.

எனவே அவர் கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் அனுப்பப்பட்டார். காயல்பட்டினத்தில் ஹிஜ்ரி 1042இல் (கி.பி. 1632) பிறந்து, ஹிஜ்ரி 1115இல் (கி.பி. 1703) மறைந்த அப்பா அவர்கள், தம் காலத்துத் தென்னகத்தின் தலைசிறந்த ஆலிம், அரபுக் கவிஞரும்கூட. வித்ரிய்யாவுக்கு அவர்கள் இயற்றிய தக்மீஸ் இன்றும் போற்றப்படுகிறது. புலவரின் அவைக்களக் கோலத்தைக் கண்டு அவர்கள் முதலில் பொருளுரைக்க மறுத்தார்கள் என்பதும், மனமுடைந்த புலவர் பள்ளிவாசலில் தங்கி உருகினார் என்பதும், பின்னர் கனவின் வழியே இசைவு கிடைத்தது என்பதும் நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வரலாறு. நம் சொற்பொழிவாளர்கள் கனவில் நின்றுவிடுகிறார்கள். நான் நின்று பார்க்க விரும்புவது அந்த மறுப்பில்.

அப்பா அவர்களின் தயக்கத்துக்கு உடை மட்டுமே காரணமாக இருந்திருக்குமென எனக்குத் தோன்றவில்லை. நபி (ஸல்) அவர்களைப் பற்றிய ஒரு செய்தியை இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற இஸ்னாதுடன் பெற்று, அதே பொறுப்புடன் பிறர்க்கு அளிப்பது ஆலிம்களின் வழி. அதைக் கற்பனையே மூலதனமாகக் கொண்ட அரசவைக் கவிஞரிடம் ஒப்படைக்கும்முன் ஓர் ஆலிம் தயங்குவது இயல்பு. வியப்புக்குரியது புலவரின் செயல். சினந்து எட்டயபுரம் திரும்பி, செவிவழிக் கதைகளைக் கொண்டே ஒரு காவியம் பாடியிருக்க அவரால் முடியும்; பாராட்டவும் ஆள் இருந்திருப்பர். அவர் திரும்பவில்லை. அப்பா அவர்கள் தம் மாணவரான பரங்கிப்பேட்டை மஹ்மூது தீபி என்னும் லெப்பை அப்பாவிடம் அனுப்பியபோது, அங்கும் சென்றார். ஆசிரியரிடம் மட்டுமல்ல, ஆசிரியரின் மாணவரிடமும் மாணவராக அமர்வது அவைக்களப் புலவர் ஒருவருக்கு எளிதன்று.

கஹ்ஃபு அத்தியாயத்தை ஓதுவோர்க்கு இது புதிதன்று. வேதம் அருளப்பெற்ற மூஸா (அலை) அவர்களே, தமக்கு அளிக்கப்படாத ஓர் அறிவைத் தேடி இரு கடல்கள் கூடுமிடம் வரை நடந்தார்கள். நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களும் அவ்வாறே. மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பயின்ற பிறகும், ஈராக்கில் மாற்று முறைமையைச் சார்ந்த இமாம் முஹம்மது ஷைபானீயிடம் அமர்ந்து கற்றார்கள். அக்கல்வி இல்லையேல் இமாமவர்களின் சட்டக் கலை அந்த வடிவை எய்தியிராது.

பரங்கிப்பேட்டையில் புலவர் பெற்றது என்ன என்பதற்கு நூலே சான்று. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்ற மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாக்களும் கொண்ட சீறாவில், நாட்டுப் படலமும் நகரப் படலமும் புலவரின் சொந்த நிலம். அங்கே அரபு நாட்டில் மருத வயல் விளைகிறது. தமிழ் மரபு அவர் கையைப் பிடித்து நடத்துகிறது. வரலாறு தொடங்கியதும் ஆலிம்களின் குரல் கேட்கத் தொடங்குகிறது. இறுதியில் அமைந்த உறனிக் கூட்டத்தார் படலத்தை எடுத்துக்கொள்வோம். மதீனாவின் தட்பவெப்பம் ஒவ்வாமல் நோயுற்ற சிலர், ஒட்டகப் பாலால் நலம் பெற்றபின் மேய்ப்பரைக் கொன்று ஒட்டகங்களை ஓட்டிச் சென்ற நிகழ்ச்சி அது. ஸஹீஹுல் புகாரியில் உள்ள இச்செய்தி எட்டயபுரம் அவையில் கிடைக்கக்கூடியதன்று. பள்ளிப் பாடநூல்களால் புகழ்பெற்ற 'மானுக்குப் பிணை நின்ற படலம்' குறித்து ஒன்று சொல்லவேண்டும். அச்செய்தியின் அறிவிப்பாளர் வரிசையை ஹதீஸ் கலை அறிஞர் விவாதித்துள்ளனர். மவ்லிது மரபில் ஊறிய அக்காலச் சூழலையும் புலவர் தம் ஆசிரியர்களிடமிருந்தே பெற்றார் எனலாம்.

சீதக்காதி மறைந்தபின் புரந்தவர் பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர். காவியத்தின் பல இடங்களில் அவரைப் புலவர் நன்றியோடு போற்றுகிறார். எனினும் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் சீறா பாடி முடிக்கவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவில் பாடினார்.

இங்கே அரபுக் கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் ஒரு குறை. ஆலிம்களிடம் தமிழ்ப் புலவர் சென்ற கதையைப் பெருமையோடு சொல்லும் நாம், தமிழறிஞரிடம் ஆலிம்கள் சென்று அமர்ந்ததைச் சொல்வதில்லை. அல்ஃபிய்யாவைத் தங்குதடையின்றி ஒப்பிக்கும் எம் மாணவர், ஒரு குத்பாவைப் பிழையற்ற தமிழில் எழுதத் தமிழாசிரியரை அணுகத் தயங்குவதைப் பல்லாண்டுகளாகக் காண்கிறேன்.

அந்தப் பாதையிலும் ஒருவர் நடந்திருக்கிறார். ஏட்டுச்சுவடிகளில் கிடந்த சீறாவை ஒப்புநோக்கித் திருத்தி 1842இல் முதன்முதலில் அச்சேற்றிய காயல்பட்டினம் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை, பட்டத்தால் ஆலிம். குத்பு நாயகமும் நாகூர்ப் புராணமும் இயற்றிய தமிழ்ப் புலவர். தமிழுலகம் அவரைச் சேகனாப் புலவர் என்றே அழைத்தது.